எல்லோரும் உண்ணக்கூடிய உணவு

பாட்லக் விருந்தைக் கூட்டாஞ்சோறு என்று தமிழில் சொல்வோர் பலர். அழகான சொல்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கூட்டாஞ்சோற்றில் ஒருவர் அரிசி கொண்டுவருவார், ஒருவர் பருப்பு, இன்னொருவர் கத்தரிக்காய், மற்றொருவர் முருங்கைக்கீரை. அத்தனையும் ஒரே பானைக்குள் போகும். ஆகவே கூடியிருப்போரில் ஒருவர்கூட விலக்கும் பொருள் அந்தப் பானைக்குள் விழக் கூடாது என்பது நியாயமான விதி. பாட்லக்கில் நடப்பது வேறு. அவரவர் தத்தம் வீட்டில் சமைத்துத் தத்தம் பாத்திரத்தில் எடுத்து வருகிறார்கள். மேசையில் இருபது பாத்திரங்கள் இருந்தால் இருபதிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. ஒற்றைப் பானைக்குரிய விதியை இருபது பாத்திரங்கள் மேல் சுமத்துவது நம் பல்கலைக்கழக விருந்துகளில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் யாரைச் சமைக்க விடுகிறது, யாரை வெறுங்கையோடு வரச் சொல்கிறது என்பதே இப்பதிவின் பொருள்.

தில்லியில் ஆய்வு மாணவராக இருக்கும் இந்த ஆண்டுகளில் இத்தகைய விருந்துகளுக்கான அறிவிப்புகள் பலவற்றை வாட்ஸ்அப் குழுக்களில் படித்திருக்கிறேன். 'எல்லோரும் உண்ணக்கூடிய உணவைக் கொண்டுவாருங்கள்' என்ற வரி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. கேட்பதற்கு அன்பான வேண்டுகோள். அதன் விளைவை மேசையில் பார்க்கலாம். தயிர்சாதம், ராஜ்மா, டோக்ளா, எலுமிச்சைச் சாதம் ஆகியவை தலைநிமிர்ந்து வரும். சிறு தயக்கத்துக்குப் பின் முட்டையும் கோழியும் வரும். மீன் வந்தால் ஜன்னலைத் திறப்பார்கள். மாட்டிறைச்சியோ எருமை இறைச்சியோ அன்றாட உணவாக இருக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் குளிர்பானமும் காகிதத் தட்டும் வாங்கி வருவார்கள். நாகாலாந்து, மிசோரம், மேகாலயா மாணவர்கள், கேரள மாணவர்கள், பழைய தில்லியின் முஸ்லிம் மாணவர்கள், பல மாநிலங்களின் தலித் மாணவர்கள் எனக் கணக்கெடுத்தால் அது சிறிய கூட்டமல்ல. எவரும் எதையும் தடை செய்யவில்லை. 'வேறு ஏதாவது கொண்டுவாருங்களேன்' என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் நான் கொண்டுசெல்ல எண்ணியது, ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் வெந்த எருமை இறைச்சியும் கோதுமை நூடுல்ஸும். எனக்கும் அதே வாக்கியம்தான் வந்தது. சொன்னவர் நல்லவர். யார் மனமும் புண்படக் கூடாது என்ற கவலையில் சொன்னார். என் மனம் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அந்த உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த விவாதத்தில் இறைச்சி எப்போதும் ஒரு சின்னமாகவே பேசப்படுகிறது. ஒருவர் நேரம் செலவழித்துச் சமைக்கும் பண்டமாக அதை யாரும் பார்ப்பதில்லை.

மாட்டிறைச்சியும் நூடுல்ஸும் அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களின் வீட்டு உணவு. தேவாலயக் கூடங்களில் நடக்கும் பாட்லக் விருந்துகளுக்கு மின்சார ஸ்லோ குக்கரோடு அப்படியே எடுத்துச் செல்வார்கள். அந்தக் கருவியின் வரலாறு சுவையானது. இர்விங் நாக்ஸன் என்ற யூதப் பொறியாளர் 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓய்வுநாளில் தீ மூட்டுவது யூத நெறிப்படி விலக்கு. எனவே லித்துவேனியாவின் யூதக் குடும்பங்கள் வெள்ளி மாலையே 'சோலன்ட்' என்னும் குழம்புப் பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் அது இரவு முழுவதும் வேகும். குடும்பத்தில் கேட்ட இந்தக் கதையே நாக்ஸனுக்குத் தூண்டுதல். பின்னர் ஒரு பெரிய நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு சமூகத்தின் விலக்கிலிருந்து பிறந்த பாத்திரம், அந்த விலக்கை அறியாத கோடிக்கணக்கானோரின் சமையலறைக்குள் போயிருக்கிறது. உணவு விலக்குகள் பகிர்தலுக்கு எதிரி என்று கருதுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவில் இந்த உணவுக்கு உறவினர்கள் உண்டு. பழைய தில்லியின் நிஹாரி இரவெல்லாம் அடுப்பில் இருந்து விடியலில் பரிமாறப்படுவது. காலையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர். லடாக்கிலும் சிக்கிமிலும், தில்லியின் திபெத்தியக் குடியிருப்பான மஜ்னு கா டீலாவிலும் கிடைக்கும் துக்பா, இறைச்சிச் சாறும் கோதுமை நூடுல்ஸும் சேர்ந்த சூப். என் பாத்திரத்தில் இருப்பது இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

செய்முறை எளிது, பொறுமைதான் கடினம். ஒன்றரைக் கிலோ எருமைக் கால்தசையைப் பெரிய துண்டுகளாக வெட்டி, இரும்புச் சட்டியில் நான்கு பக்கமும் சிவக்க வறுக்க வேண்டும். ஸ்லோ குக்கர் தானாக எதையும் சிவக்க வைக்காது. இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்தால் குழம்பில் ஆழம் இராது. பின் அதே சட்டியில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, இரண்டு தக்காளி, முழு மிளகு, ஓர் அன்னாசிப்பூ. எல்லாவற்றையும் குக்கரில் சேர்த்து, இறைச்சி முக்கால் பங்கு மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்ற வேண்டும். மூடிய பாத்திரத்தில் நீர் அதிகம் ஆவியாவதில்லை. தாராளமாக ஊற்றினால் குழம்பு ரசமாகிவிடும். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்ந்த சூடு வெளியேறும்.

நடந்து நடந்து உழைத்த தசையில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு மிகுதி. கொதிக்கக் கொதிக்க விரைவாக வேகவைத்தால் தசைநார் சுருங்கி, தன் நீரை இழந்து, ரப்பராகும். 70 பாகை செல்சியஸைத் தாண்டிய மிதமான சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் அதே கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். குழம்பு தானாகவே கெட்டிப்படும். கரண்டியால் தொட்டாலே இறைச்சி பிரியும். மலிவான கடினமான துண்டுக்குத்தான் இந்த முறை. விலையுயர்ந்த மென்மையான துண்டை எட்டு மணி நேரம் வேகவைப்பது வீண்.

மலிவு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1958இல் முகம்மது ஹனிஃப் குரேஷி வழக்கில் பசுவதைத் தடையை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றமே, உழைக்கும் ஆற்றலையும் பால் தரும் ஆற்றலையும் இழந்த எருதுகளையும் எருமைகளையும் வெட்டுவதற்கு முழுத் தடை விதிப்பது பொருந்தாது என்றது. மாட்டிறைச்சியும் எருமை இறைச்சியும் ஆட்டிறைச்சியின் விலையில் ஏறத்தாழப் பாதியாக இருப்பதால் ஏழைகள் அவற்றை நாடுகிறார்கள் என்பதையும் அத்தீர்ப்பு கணக்கில் எடுத்தது. காளை, எருது குறித்த அந்த நிலைப்பாட்டை 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்வு மாற்றியது. ஆயினும் விலை பற்றிய உண்மை மாறவில்லை. உதவித்தொகை தாமதமாக வரும் மாதத்தில் பன்னிரண்டு பேருக்கு இறைச்சி சமைக்க விரும்பும் மாணவர் ஆட்டுக்கறிக் கடைக்குப் போக மாட்டார். 'வேறு ஏதாவது' என்று சொல்பவர்கள் அந்த வேறு ஏதாவதின் விலையையும் சேர்த்துச் சொல்வதில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். வலுவானது முதலில். குருத்வாராக்களின் லங்கரில் இறைச்சி பரிமாறுவதில்லை. சீக்கியர்களில் இறைச்சி உண்போர் பலர். ஆயினும் எவர் வந்தாலும் தயக்கமின்றி உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பதற்காகப் பருப்பும் ரொட்டியும் காய்கறியும் அங்கே சமைக்கப்படுகின்றன. தில்லியில் பங்களா சாஹிபில் அந்த வரிசையில் உட்கார்ந்து உண்ட எவரும் அதன் மேன்மையை மறுக்க மாட்டார்கள். அப்படியானால் நம் விருந்தும் அவ்வாறே இருக்கலாமே என்று கேட்கிறார்கள். லங்கர் ஒரே அடுக்களை. எல்லோருக்கும் ஒரே உணவு. வந்தவர் எவரிடமும் நீ சமைத்துக் கொண்டுவா என்று அது கேட்பதில்லை. நான் முதலில் சொன்ன ஒற்றைப் பானையின் நியாயம் அங்கே முழுமையாகப் பொருந்துகிறது. துறையே பணம் ஒதுக்கி ஒரே சமையலில் விருந்து வைத்தால் அது சைவமாக இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. 'உன் வீட்டு உணவைக் கொண்டுவா' என்று அழைத்துவிட்டு, வந்த பின் 'உன் வீட்டு உணவைத் தவிர' என்று திருத்துவதுதான் தவறு.

இரண்டாவது வாதம் மனம் புண்படுதல். பசுவைத் தாயாகக் கருதுபவரின் உணர்வு பொய்யல்ல. அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். அந்த உணர்வு அவரிடம் கோருவது என்ன? அவர் உண்ணக் கூடாது. அறியாமல் அவர் தட்டில் விழக் கூடாது. அவருடைய கரண்டியில் படக் கூடாது. இம்மூன்றையும் உறுதி செய்வது விருந்து நடத்துவோரின் கடமை. ஒரு துளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாத கடமை. நான்காவதாக ஒன்று சேர்க்கப்படுகிறது: இன்னொருவர் உண்பதை அவர் பார்க்கவும் கூடாது. இந்த நான்காவது கோரிக்கையை எல்லோருக்கும் சமமாக வழங்கினால் மேசையில் எதுவும் மிஞ்சாது. பன்றி இறைச்சியை விலக்கும் முஸ்லிம் நண்பரும், வெங்காயம் பூண்டை விலக்கும் வைணவ நண்பரும், கிழங்குகளை விலக்கும் சமண நண்பரும் அதை ஒருபோதும் கேட்டதில்லை. தாம் விலக்குவதைத் தாம் விலக்குகிறார்கள். அடுத்தவர் தட்டை அளப்பதில்லை.

நம் மொழியே இதில் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. காய்கறி உணவைச் சைவம் என்கிறோம்; ஒரு சமயத்தின் பெயர் அது. ஏனைய அனைத்தும் அசைவம். அதாவது அது அல்லாதது. இல்லாத ஒன்றைக் கொண்டு பெயரிட்ட சொல் இருப்பதைப் பற்றி எதையும் சொல்லாது. அசைவம் என்று மட்டும் எழுதிய பாத்திரத்தில் முட்டையா, இறாலா, பன்றியா, எருமையா என்று தெரியாது. பன்றியை விலக்குபவருக்கும் மாட்டை விலக்குபவருக்கும் அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. தில்லிக் கடைகளில் 'படா கோஷ்த்' என்பார்கள். பெரிய இறைச்சி என்று பொருள். விலங்கின் பெயரைச் சொல்லாமல் உருவத்தை மட்டும் சொல்லும் உத்தி அது. தமிழில் மாடு என்ற சொல் எருமைமாட்டையும் சேர்த்துக்கொள்வதால் மாட்டிறைச்சி என்பதும் பாதித் தகவல்தான்.

இந்த ஊரில் அந்தப் பாதித் தகவல் ஆபத்தானது. 1994ஆம் ஆண்டின் தில்லிச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை வெட்டுவதையும் அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதையும் தடை செய்கிறது. எருமை அதில் இல்லை. என் பாத்திரத்தில் இருப்பது சட்டப்படி விற்கப்பட்டு, சட்டப்படி வாங்கிய பொருள். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் ஏறத்தாழ 11 கோடி எருமைகள். உலகின் பெரிய எருமை இறைச்சி ஏற்றுமதியாளர்களில் இந்தியாவும் ஒன்று. இத்தனையும் உண்மை. ஆயினும் 2015 செப்டம்பரில் தில்லிக்கு அருகே, தாத்ரி வட்டாரத்தின் பிசாடா கிராமத்தில், வீட்டில் பசு இறைச்சி இருக்கிறது என்ற வதந்தியின் பேரில் முகம்மது அக்லாக் அடித்துக் கொல்லப்பட்டார். சட்டம் எதைத் தடுக்கிறது என்பதைக் கூட்டம் படித்துவிட்டு வருவதில்லை.

எனவே, 'எழுதிவைத்துவிட்டுக் கொண்டுவரட்டுமே' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இருபது பாத்திரங்களில் ஒன்றின் மேல் மட்டும் சீட்டு ஒட்டினால் அது தகவலாக இராது. குற்ற ஒப்புதலாகத் தோன்றும். அந்தச் சீட்டை எழுதும் கை பெரும்பாலும் ஒரு முஸ்லிமின் கையாக, ஒரு தலித்தின் கையாக, வடகிழக்கிலிருந்து வந்த ஒருவரின் கையாக இருக்கும். தீண்டாமை எவ்வாறு தோன்றியது என்று 1948இல் எழுதிய நூலில் அம்பேத்கர் மாட்டிறைச்சி உண்பதை அதன் வேர்க் காரணங்களுள் முதன்மையாக வைத்தார். அவருடைய கருதுகோளை வரலாற்றாய்வாளர்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் ஒருவர் உண்பதை அடையாளமாக்கி அவரைத் தள்ளிவைக்கும் பழக்கத்தை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு என்றால் எல்லாப் பாத்திரங்களுக்கும் சீட்டு வேண்டும். அதுவே என் கோரிக்கையின் மையம்.

விருந்து நடத்துவோருக்கு என் பரிந்துரைகள் நான்கு.

ஒன்று, தயிர்சாதம் முதல் பாயசம் வரை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே அளவிலான சீட்டு. அதில் முழு உட்பொருட்கள். இது இறைச்சிக்காக மட்டும் அல்ல. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். குளூட்டன் ஒவ்வாத ஒருவருக்குச் சாம்பாரே நோய் தரலாம். புட்டிங்கில் ஜெலட்டின் இருக்கலாம், கேக்கில் முட்டை இருக்கலாம், சட்னியில் நிலக்கடலை இருக்கலாம். பிஸ்கட் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளியும் உட்பொருள் பட்டியலும் அச்சிடச் சட்டம் கோருகிறது. நம் கையால் சமைத்ததற்கு அந்த அக்கறை குறையலாமா?

இரண்டு, விலங்கின் பெயரைத் தெளிவாக எழுதுவது. 'எருமை இறைச்சி' என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்று, பாத்திரத்துக்கு ஒரு கரண்டி, அதற்கு ஒரு தட்டு. இறைச்சிக்குத் தனி மேசை. சைவ மேசையை முதலில் வைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இடம் பிரிப்பது பாத்திரங்களுக்கு மட்டும். உட்காரும் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி எழுப்பிய புயலை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நான்கு, எதிர்ப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் விருந்தை அழைத்தவர், சமைத்தவர் அல்ல.

இந்த விதிகளோடு இவ்வாண்டு நண்பர்கள் சிலர் ஒரு சிறு விருந்து நடத்தினோம். நான் கொண்டுசென்றவை இரண்டு பாத்திரங்கள். அமெரிக்க முறையில் நூடுல்ஸைக் கடைசி அரை மணி நேரத்தில் குக்கருக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். பாட்லக்குக்கு அது சரிவராது. மேசையில் காத்திருக்கும் நேரத்தில் நூடுல்ஸ் குழைந்து கூழாகிவிடும். ஆகவே முட்டை சேராத கோதுமை நூடுல்ஸைத் தனியே வேகவைத்து, எண்ணெய் புரட்டி, தனிப் பாத்திரத்தில் வைத்தேன். இறைச்சி, குக்கரிலேயே 60 பாகைக்கு மேலான சூட்டில், மூடியோடு அடுத்த மேசையில் இருந்தது. நூடுல்ஸை எல்லோரும் எடுத்தார்கள். ஒருவர் அதன் மேல் ராஜ்மா ஊற்றிக்கொண்டார், ஒருவர் காளான் குழம்பு. இறைச்சி ஊற்றிக்கொண்டவர்கள் ஏழு பேர். சமண நண்பர் என் சீட்டைப் படித்தார்; 'இஞ்சி, பூண்டு, வெங்காயம்; எருமை வராவிட்டாலும் எனக்கு இது ஆகாதே' என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். அவர் விலக்கியது அவருக்குத் தெரிந்தே நடந்தது. நான் சமைத்தது என் பெயரோடு மேசையில் இருந்தது. அன்று காகிதத் தட்டுகளை வாங்கி வந்தவர், சமைக்க நேரமில்லாத ஒரு நண்பர். சமைக்க வேண்டாம் என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை.

எல்லோரும் உண்ணக்கூடிய உணவு என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை. வெறும் சோற்றையும் நோன்பு நாளில் விலக்குபவர்கள் உண்டு. அடுத்த விருந்துக்கான அறிவிப்பை எழுதும் நண்பர்களிடம் கேட்பது ஒன்றே. 'எல்லோரும் உண்ணக்கூடியதைக் கொண்டுவாருங்கள்' என்ற வரியை நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில் 'கொண்டுவருவதில் என்ன இருக்கிறது என்று எழுதி வாருங்கள்' என்று எழுதுங்கள்.